90 சதவீதக் கடன் கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசாங்கக் கடன் ஏறினால் நாடு முடங்கிவிடும் என்று ஒருவர் சொல்வார். கடனைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேருமே ‘பொருளாதார ஆய்வுகள் நிரூபித்துவிட்டன’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆய்வு என்ன சொன்னது, மேடைக்கு வருவதற்குள் அது என்ன ஆனது என்பதை ஒரே ஒரு கட்டுரையின் கதையை வைத்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நாட்டின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பேச்சுக்கு அதைத்தான் ஆதாரமாகக் காட்டினார்கள். சில பக்கங்களே கொண்ட அந்தக் கட்டுரை, கோடிக்கணக்கானவர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொட்ட விவாதத்தில் சாட்சியாக நிறுத்தப்பட்டது. இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எந்தக் கட்டுரை? யார் எழுதியது?

கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 2010 ஜனவரியில் வெளியிட்ட கட்டுரை. கடன் பெருகும் காலத்தில் வளர்ச்சி எப்படி இருக்கிறது என்பதுதான் பொருள். ரெய்ன்ஹார்ட் அப்போது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தார். ரோகாஃப் ஹார்வர்டு பேராசிரியர், பன்னாட்டு நாணய நிதியத்தின் முன்னாள் தலைமைப் பொருளாதார நிபுணர். நிதி நெருக்கடிகளின் பல நூற்றாண்டு வரலாற்றைத் தோண்டி எடுத்த உழைப்பாளிகள். அவர்கள் பேச்சுக்கு எடை இருந்தது, அது நியாயமாகவே சம்பாதித்த எடை.

வெளிவந்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். 2008 நெருக்கடிக்குப் பிறகு வங்கிகளைக் காப்பாற்றவும் வேலைகளைத் தக்கவைக்கவும் அரசுகள் கடன் வாங்கிச் செலவு செய்துகொண்டிருந்தன. கிரேக்கத்தின் கணக்குகள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. ‘இன்னும் செலவு செய்வதா, நிறுத்துவதா’ என்பதுதான் எல்லா நாடாளுமன்றங்களிலும் கேள்வி.

கட்டுரை உண்மையில் என்ன சொன்னது?

20 வளர்ந்த நாடுகளின் போருக்குப் பிந்தைய கணக்குகளை, அதாவது 1946 முதல் 2009 வரை, எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆண்டையும் அந்த ஆண்டின் கடன் அளவைப் பார்த்து நான்கு கூடைகளில் போட்டார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடன் 30 சதவீதத்துக்குக் கீழ், 30 முதல் 60 வரை, 60 முதல் 90 வரை, 90க்கு மேல். பிறகு ஒவ்வொரு கூடையிலும் வளர்ச்சி எவ்வளவு என்று பார்த்தார்கள்.

முதல் மூன்று கூடைகளில் பெரிய சிக்கல் இல்லை. நான்காவது கூடையில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று வந்தது. இந்த எண்தான் உலகம் சுற்றியது.

அதே கட்டுரையில் இன்னொரு அளவும் இருந்தது. எல்லா எண்களையும் வரிசையாக அடுக்கி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால், 90க்கு மேல் போகும்போது வளர்ச்சி சுமார் 1 சதவீதப் புள்ளிதான் குறைகிறது என்றார்கள். சராசரி தடாலென விழுகிறது, நடு எண் கொஞ்சம்தான் இறங்குகிறது என்றால், ஏதோ ஒரு சில எண்கள் சராசரியைக் கீழே இழுக்கின்றன என்று அர்த்தம். அந்தச் சில எண்கள் எவை என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

அரசியலில் யார் யார் இதைக் கையில் எடுத்தார்கள்?

பிரிட்டனில் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2010 பிப்ரவரியில், தேர்தலுக்கு முன்பு ஆற்றிய உரையிலேயே இந்த இருவர் பெயரையும் சொல்லி வாதாடினார். மே மாதம் நிதியமைச்சரானார். செலவுக் குறைப்பும் வந்தது, 2011 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 17.5இலிருந்து 20 சதவீதமாகவும் ஏறியது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சியின் பட்ஜெட் முகமாக இருந்த பால் ரயன் தன் பட்ஜெட் ஆவணத்தில் மேற்கோள் காட்டினார். ஐரோப்பிய ஆணையத்தின் பொருளாதாரப் பொறுப்பில் இருந்த ஓலி ரென், 90 சதவீதக் கோட்டைச் சொல்லி சிக்கனத்தை ஆதரித்தார்.

இவர்கள் யாரும் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு மனம் மாறியவர்கள் அல்ல. செலவைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களின் பழைய நிலைப்பாடு. கட்டுரை அவர்களுக்கு ஒரு கோட்டைக் கொடுத்தது. ‘அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்று நம்புகிறேன்’ என்றால் எதிரே இருப்பவர் ‘நான் நம்பவில்லை’ என்று சொல்லிவிடலாம். ‘90ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்றுவிடும்’ என்றால் அப்படி எளிதாகப் பதில் சொல்ல முடியாது.

ஆய்வு கோஷமாக மாறும்போது என்ன தொலைகிறது?

நிபந்தனைகள். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

‘அதிகக் கடனும் குறைந்த வளர்ச்சியும் சேர்ந்து காணப்படுகின்றன’ என்பது ஒரு கவனிப்பு. ‘அதிகக் கடனால் வளர்ச்சி குறைகிறது’ என்பது வேறு கூற்று. மழை நாளில் தெருவெல்லாம் குடை தெரியும், அதற்காகக் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று யாரும் சொல்வதில்லை. வளர்ச்சி குறைந்தால் வரி வருமானம் குறையும், அரசு கடன் வாங்கும், கடன் விகிதம் ஏறும். அதாவது காரணம் தலைகீழாகவும் ஓடலாம். 1990களுக்குப் பிந்தைய ஜப்பானை நினைத்துப் பாருங்கள். அங்கே முதலில் படுத்தது வளர்ச்சி, பிறகுதான் கடன் மலையாகக் குவிந்தது.

அமெரிக்காவின் கணக்கும் இப்படித்தான். அந்த நாடு 90க்கு மேல் இருந்த ஆண்டுகள் 1946 முதல் 1949 வரை. அந்த நான்கு ஆண்டுகளின் சராசரி மைனஸ் 2 சதவீதம். கடன் அழுத்தியதால் வந்த சரிவா அது? போர் முடிந்தது. டாங்கியும் குண்டும் செய்த ஆலைகளுக்கு அரசின் ஆர்டர் நின்றது, படைவீரர்கள் வீடு திரும்பினார்கள். உற்பத்தி எண் இறங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவதாகத் தொலைந்தது, யாருடைய கடன், எந்த நாணயத்தில் என்ற கேள்வி. சொந்த நாணயத்தில், சொந்த மக்களிடம் கடன் வாங்கும் ஜப்பான் 200 சதவீதத்தைத் தாண்டியும் மிகக் குறைந்த வட்டியே கட்டிவந்தது. யூரோவைத் தானே அச்சடிக்க முடியாத கிரேக்கம் அதைவிடக் குறைந்த கடனிலேயே கழுத்து நெரிபட்டது. ஒரே கோட்டை இரண்டு நாடுகளுக்கும் போட முடியாது.

மூன்றாவது, கூடையின் விளிம்பு. 90 என்பது ஆய்வாளர்கள் எண்களைப் பிரித்துப் பார்க்க வைத்துக்கொண்ட எல்லை. மேடையில் அது பாறையின் விளிம்பாகிவிட்டது: 89இல் பத்திரம், 91இல் பாதாளம்.

பிழை எப்படி வெளியே வந்தது?

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர். வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவை நீங்களே மறுபடி கணக்கிட்டுக் காட்டுங்கள் என்பது வகுப்புப் பயிற்சி. அவர் எடுத்துக்கொண்டது இந்தக் கட்டுரை. எத்தனை முறை போட்டும் விடை ஒத்துவரவில்லை. அவருடைய பேராசிரியர்கள் முதலில் மாணவரின் தவறு என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் இருவரிடமே கணக்குத் தாளைக் கேட்டார் ஹெர்ண்டன். அவர்கள் அனுப்பியும் வைத்தார்கள். அதை அவர்கள் பக்கம் இருக்கும் நல்ல விஷயமாக நான் எப்போதும் குறிப்பிடுவேன்.

எக்செல் தாளைத் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து வரிசைகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகளும் கணக்கிலேயே இல்லை. ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் பாலின் இருவரும் சேர்ந்து 2013 ஏப்ரலில் தங்கள் மறுகணக்கை வெளியிட்டார்கள். 90க்கு மேலான கூடையின் சராசரி மைனஸ் 0.1 அல்ல, பிளஸ் 2.2 சதவீதம்.

அப்படியானால் எல்லாம் எக்செல் பிழைதானா?

இல்லை. செய்தித்தாள்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. எல்லோருக்கும் புரியும், படித்தவுடன் அடுத்தவருக்குச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பிழையால் மட்டும் வந்த வித்தியாசம் சுமார் 0.3 சதவீதப் புள்ளிதான். பெரிய வித்தியாசம் இரண்டு முடிவுகளால் வந்தது: எந்த ஆண்டுகளை விட்டுவிடுவது, எந்த நாட்டுக்கு எவ்வளவு எடை கொடுப்பது.

நியூசிலாந்தைப் பார்த்தால் இது புரியும். அந்த நாடு 90க்கு மேல் இருந்தது ஐந்து ஆண்டுகள். நான்கு ஆண்டுகள், 1946 முதல் 1949 வரை, கணக்கில் சேரவில்லை. மிச்சம் 1951 மட்டும். அந்த ஆண்டு வளர்ச்சி மைனஸ் 7.6 சதவீதம். ஐந்து ஆண்டுகளையும் சேர்த்தால் சராசரி பிளஸ் 2.6.

அடுத்து எடை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சராசரி எடுத்து, பிறகு நாடுகளின் சராசரியை எடுத்தார்கள். பிரிட்டன் 19 ஆண்டுகள் 90க்கு மேல் இருந்து, சராசரியாக 2.4 சதவீதம் வளர்ந்தது. நியூசிலாந்தின் ஒரே ஒரு மோசமான ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் ஒரே எடை. விடுபட்டவை போக அந்தக் கூடையில் மிஞ்சிய நாடுகள் ஏழு. ஆக, முழு முடிவில் ஏழில் ஒரு பங்கை 1951ஆம் ஆண்டின் நியூசிலாந்து தீர்மானித்தது. பெல்ஜியம் 25 ஆண்டுகள் 90க்கு மேல் இருந்து 2.6 சதவீதம் வளர்ந்த நாடு. அது எக்செல் பிழையால் வெளியே போய்விட்டது.

நாடுவாரியாக எடை கொடுப்பதற்கும் வாதம் உண்டு. அதிக ஆண்டுகள் கடனில் இருந்த நாடே முழு முடிவையும் விழுங்கிவிடக் கூடாது என்று நினைத்தால் அப்படிச் செய்யலாம். ஆனால் அந்த வாதத்தைக் கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

வேண்டுமென்றே செய்த மோசடியா?

நான் அப்படி நினைக்கவில்லை. சூத்திரப் பிழையை அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். விடுபட்ட ஆண்டுகளுக்கான தரவு அப்போதுதான் சேர்ந்துகொண்டிருந்தது என்று விளக்கினார்கள். எடை போட்ட முறையில் தவறில்லை என்றும் மைய முடிவு மாறவில்லை என்றும் வாதிட்டார்கள். திருத்தப்பட்ட கணக்கிலும் 60 முதல் 90 வரையான கூடையில் 3.2 சதவீதம், 90க்கு மேல் 2.2 என்றுதான் வருகிறது. குறைவு இருக்கிறது, பள்ளம்தான் இல்லை.

அந்த வாரங்களில் அவர்களுக்கு வெறுப்பு மின்னஞ்சல்கள் குவிந்தன. அதுவும் அதே நோய்தான். நேற்று வரை ஒரு தரப்பு அவர்களைத் தீர்க்கதரிசிகளாக வைத்திருந்தது, இன்று மறுதரப்பு கூலிக்கு எழுதியவர்கள் என்றது. நெருக்கடிக் கடனைக் கரைக்கக் கொஞ்சம் கூடுதல் பணவீக்கத்தைச் சில ஆண்டுகள் அனுமதிக்கலாம் என்று 2008லேயே யோசனை சொன்னவர் ரோகாஃப். சிக்கனத்தின் கொடி பிடித்தவர்கள் யாரும் அதை மேற்கோள் காட்டியதில்லை.

பொறுப்பு ஆய்வாளருக்கா, அரசியல்வாதிக்கா?

இருவருக்கும் உண்டு, சம அளவில் இல்லை. கட்டுரை கவனமாகப் பேசியது. ஆனால் தங்கள் எண் கோடாக மாறி ஊர் ஊராகப் போவதைப் பார்த்தபோது, ‘இது காரணத்தை நிரூபிக்கவில்லை’ என்று அதே குரலில், அதே மேடைகளில் அவர்கள் சொல்லியிருக்க வேண்டும். பொருளாதார அறிஞர் பால் குருக்மன் போன்றவர்கள் காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று 2010லேயே கேட்டார்கள். பிறகு இன்னொரு பொருளாதார அறிஞர் அரிந்த்ரஜித் தூபே அதே தரவை வைத்து, இன்றைய கடன் அளவு இனி வரும் வளர்ச்சியைவிடக் கடந்துபோன வளர்ச்சியோடுதான் நெருக்கமாகப் பொருந்துகிறது என்று காட்டினார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஏதோ அறிஞர்களின் சண்டைதானே?

கிரேக்கத்தில் உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு சுருங்கியது. 2013இல் வேலையின்மை 27 சதவீதத்தைத் தாண்டியது. இந்தக் கட்டுரை இல்லாவிட்டாலும் கிரேக்கம் சிக்கலில்தான் இருந்திருக்கும், கடன் கொடுக்க ஆளில்லை. ஆனால் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக வெட்டுவது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. செலவை வெட்டினாலும் உற்பத்தி அவ்வளவாகக் குறையாது என்ற நம்பிக்கை அந்த முடிவுக்குள் இருந்தது.

அந்த நம்பிக்கையும் ஒரு எண்தான். அரசு 100 ரூபாய் செலவைக் குறைத்தால் பொருளாதாரம் சுமார் 50 ரூபாய் சுருங்கும் என்ற அளவில்தான் கணிப்புகள் போடப்பட்டிருந்தன. நாணய நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் திரும்பிப் பார்த்து, நெருக்கடிக் காலத்தில் உண்மையான சுருக்கம் 90இலிருந்து 170 ரூபாய் வரை இருந்திருக்கும் என்று 2012 அக்டோபரில் எழுதினார்கள். உற்பத்தி அவ்வளவு சுருங்கினால், கடனைக் குறைக்கப் போய்க் கடன் விகிதமே ஏறிவிடலாம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒப்புக்கொண்ட நேர்மையை மதிக்கிறேன், ஆனால் அதற்குள் பலருடைய வேலை போய்விட்டிருந்தது.

நாட்டின் கடனை வீட்டுக் கடனோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடாத அரசியல்வாதி கிடையாது. மார்கரெட் தாட்சர் ஒப்பிட்டார். 2008இல் ஏஞ்சலா மெர்கல், தெற்கு ஜெர்மனியின் சிக்கனமான ஷ்வாபியக் குடும்பத் தலைவியைக் கேளுங்கள் என்றார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் வந்த நிதிநிலை வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் ரூ.2,63,976 கடன் என்று கணக்குச் சொன்னார்கள். அன்று மாலை என் அம்மா தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு, “நாம யார்கிட்டயும் வாங்கலையே, எப்பக் கட்டணும்?” என்று உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார். அந்த எண்ணின் வேலையே அதுதான். கணக்கு தவறில்லை, ஆனால் அதே கடனால் வந்த பாலமும் மின்நிலையமும் குடும்பத்துக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் வகுத்துச் சொல்வதில்லை.

வீட்டுக்கும் நாட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இது: நான் செலவைக் குறைத்தால் என் சம்பளம் குறையாது. எல்லோரும், அரசும் சேர்ந்து, ஒரே நேரத்தில் குறைத்தால் எல்லோருடைய வருமானமும் குறையும். ஒருவர் செலவுதான் இன்னொருவர் வரவு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் உற்பத்தியில் 200 சதவீதத்துக்கும் மேல். அந்த நிலையில்தான் 1948இல் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கினார்கள். கடன் விகிதம் பின்னர் பல பத்தாண்டுகளில் வளர்ச்சியாலும் பணவீக்கத்தாலும் கரைந்தது. மாநில அரசு கொஞ்சம் வேறு. அது நாணயம் அச்சடிக்க முடியாது, கடன் வரம்பையும் ஒன்றிய அரசுதான் வைக்கிறது. அந்த அளவுக்கு அது நாட்டைவிட வீட்டுக்கு நெருக்கம் என்று சொல்லலாம்.

அப்போ கடனைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

இந்த இடத்தில்தான் என் தரப்பு நண்பர்களோடு எனக்குச் சண்டை வரும். 90 சதவீதக் கோடு உடைந்ததும், ‘சொந்த நாணயம் இருக்கும் அரசு பணம் அச்சடித்துச் சமாளிக்கலாம்’ என்பது எதிர்க் கோஷமாகக் கிளம்பியது. அந்தக் கோஷத்துக்குப் பின்னால் நவீன நாணயக் கோட்பாடு என்று ஒரு சிந்தனை உண்டு. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: கடன் சொந்த நாணயத்தில் இருக்க வேண்டும், நாட்டில் பயன்படாமல் கிடக்கும் உழைப்பும் பொருளும் இருக்க வேண்டும், பணவீக்கம் வந்தால் நிறுத்த வேண்டும்.

இலங்கையில் என்ன நடந்தது? 2019 டிசம்பரில் மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். வருமானம் சரிந்தது, பெருந்தொற்று வந்து சுற்றுலாவும் நின்றது. அப்போதைய மத்திய வங்கி ஆளுநர் டபிள்யூ.டி. லக்ஷ்மன், பணம் அச்சிடும் அதிகாரமுள்ள நாட்டுக்கு உள்நாட்டு நாணயக் கடன் பெரிய பிரச்சினை இல்லை என்று அந்தக் கோட்பாட்டாளர்களைச் சுட்டிப் பேசினார். ஆனால் இலங்கையின் கடனில் கணிசமான பகுதி டாலரிலும் பிற அந்நிய நாணயங்களிலும் இருந்தது. டாலரைக் கொழும்பில் அச்சடிக்க முடியாது. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டியது. எரிவாயு சிலிண்டருக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் கொடுத்த விலை அது. ஐரோப்பாவில் வலது பக்கம் செய்ததை இங்கே வேறொரு பக்கம் செய்தது. கோட்பாட்டை எடுத்துக்கொண்டார்கள், நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

இந்தியாவில் சொல்லப்படும் 3 சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஒன்றிய அரசின் 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டம் நிதிப் பற்றாக்குறைக்கு, அதாவது ஓர் ஆண்டில் வரவுக்கு மேல் அரசு கடன் வாங்கிச் செலவு செய்யும் தொகைக்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதம் என்று இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அதே ஆண்டு தன் சட்டத்தை இயற்றியது. மக்களின் சேமிப்பிலிருந்து அரசு எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ஐரோப்பாவின் 3 சதவீதத்துக்கு அதுகூடக் கிடையாது. 1981இல் பிரான்சின் அதிபர் மித்திரானின் அரசுக்காக அவசரமாக ஒரு எளிய விதி கேட்டபோது உருவான எண் அது, பின்னால் கோட்பாடு எதுவும் இல்லை என்று அதை உருவாக்கிய பிரெஞ்சு அதிகாரி கி அபேய் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பிறகு அது ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் ஏறிக்கொண்டது.

எல்லை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த எல்லையும் இல்லாத அரசு தேர்தல் ஆண்டில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். ஆனால் 3 என்பது பேசி முடிவு செய்த வரம்பு, மாற்ற வேண்டுமானால் பேசி மாற்றலாம். 2017இல் அறிக்கை தந்த என்.கே. சிங் குழு, ஒன்றிய அரசுக்கு 40, மாநிலங்களுக்கு 20 என மொத்தம் 60 சதவீதக் கடன் அளவைப் பரிந்துரைத்தது. அதே குழுவில் இருந்த அன்றைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் அரவிந்த் சுப்பிரமணியன் மாறுபட்ட குறிப்பை எழுதினார். வட்டி நீங்கலான பற்றாக்குறையைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஒரே அறையில், ஒரே தரவோடு உட்கார்ந்தவர்களுக்கு இடையிலான நேர்மையான கருத்து வேறுபாடு அது. நம் தொலைக்காட்சி விவாதங்களில் இப்படிப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை.

90 சதவீதக் கோடு இப்போது என்ன ஆயிற்று?

2014இல் நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள், அதைத் தாண்டினால் வளர்ச்சி சட்டென விழும் என்று சொல்லத்தக்க மாய எல்லை எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். கடனின் அளவோடு அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்கள். 2020இல் பெருந்தொற்று வந்ததும் வளர்ந்த நாடுகளின் மொத்தக் கடன் சுமார் 120 சதவீதத்துக்கு ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் தன் நிதி விதிகளையே நிறுத்திவைத்தது.

அந்த ஆண்டு உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணராகப் பொறுப்பேற்றவர் கார்மென் ரெய்ன்ஹார்ட். கடன் வாங்கிச் செலவு செய்யலாமா என்று அவரிடம் கேட்டார்கள். முதலில் போரை நடத்துங்கள், அதற்கான பணத்தை எப்படிக் கட்டுவது என்பதைப் பிறகு யோசிக்கலாம் என்றார்.